பசை காய எட்டு நிமிடம்

மேர்வினிடம் நேரே ஒரு கேள்வி கேட்டால் நேரே ஒரு பதில் வராது. பிறவிக் குணம். கல்யாணத்தன்று மாதா கோயிலில் சுவாமி, "ஜோசப்பினை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டபோது, "இவ்வளவு தூரம் வெளிக்கிட்டு வந்தாச்சே சுவாமி" என்றான். கோயில் முழுக்கச் சிரித்தது. சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சம்மதமா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டி வந்தது. அன்று எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் ஜோசப்பின்தான். தலையில் குத்தியிருந்த கல்யாண முக்காட்டு வலை தோளில் சரிந்து விழ விழச் சிரித்தாள். அதில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது. அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் பதில் சொன்ன மாதிரித்தான் என்று அவன் அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டான்.

ஜோசப்பின் குவைத்துக்குப் போய் ஒன்பது வருடம். இடையில் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் எண்ணி நாற்பது நாள். அமிர்தகழியில், வாவிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த வீட்டின் சுவர், தரை ஓடு, குசினி, கிணற்றுக் கட்டு எல்லாம் அவள் அங்கே யாரோ ஒருத்தியின் வீட்டைத் துடைத்துத் துடைத்துக் கட்டியவை. வீட்டின் பின்புறம் தகரம் போட்டு இறக்கிய பத்தி மட்டும் மேர்வின் தன் கையால் கட்டியது. அதுதான் அவனுடைய பட்டறை. டவுனில் ஒரு தளபாடக் கடையில் இருபது வருடம் வேலை செய்தவன், மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வீட்டிலேயே கதவு, ஜன்னல், அலுமாரி என்று செய்துகொண்டிருந்தான்.

மகள் றொசானி. தாய் போகும்போது மூன்று வயது. இப்போது பன்னிரண்டு. தாயை அவளுக்கு உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள்தான் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவள் 'மடம்' என்று கூப்பிடும் வீட்டு எசமானி குடும்பத்தோடு வெளியே போகும்போது மட்டும் ஜோசப்பினின் கைக்குப் போன் வரும், மற்ற நாளெல்லாம் அது மடத்தின் அலுமாரிக்குள். ஆகவே வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஏழு மணி என்றால் தகப்பனும் மகளும் முகம் கழுவி, தலை இழுத்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வருடம் புரட்டாதியோடு ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவதென்று போன கிறிஸ்மஸ் அன்றே பேசியாயிற்று. "இன்னொரு தவணை இருந்தனெண்டா அவளுக்குப் பதினாலாகிரும்" என்று ஜோசப்பின் அன்றைக்குச் சொன்னாள். "அம்மாவத் தேடுற வயசு முடிஞ்சிரும். மறுகா நான் வந்தென்ன, வராட்டி என்ன." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மேர்வினால்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பேச்சை மாற்ற ஏதோ பகிடி விட்டான்.

அவள் வரும்போது ஒரு கட்டில் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். கேட்டால் சிரிப்பீர்கள், ஊருக்கெல்லாம் கட்டில் செய்து கொடுத்தவன் வீட்டில் கட்டில் இல்லை. கல்யாணம் முடித்த புதிதில் பாய், பிறகு தரையில் போட்ட மெத்தை, அதோடு அவள் போய்விட்டாள். முதிரைப் பலகையில் கால், சட்டம் எல்லாம் மாசி மாதமே சீவி வைத்துவிட்டான். தலைமாட்டுப் பலகைதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜோசப்பினின் காகோ பெட்டி வந்தது. அங்கர் பால் பவுடர், சவர்க்காரம், றொசானிக்குச் சப்பாத்து, இரண்டு தடித்த கம்பளி. பெட்டியைப் பிரிக்க முதலே அவள் சொல்லியிருந்தாள்.

"கம்பளி ரெண்டுக்கும் நடுவுல மட்டைக்குள்ள ரெண்டு தாள் மாதிரி இரிக்கும். மடிச்சிப் போடாதீங்க. மரம் அது."

"மரத்தையா அனுப்பின? இஞ்ச வாகரைக் காடு முழுக்க என்ன புள்ள நிக்கிது, கத்தரிச் செடியா?"

"இது வேற மரம். வோல்நட்டாம். மடத்துட அறைக்குச் சுவருக்கு ஒட்டினவங்க. ஒட்டி முடிய ரெண்டு மிஞ்சிச்சு. அந்த வங்காளத்துப் பொடியன்மாரிட்டக் கெஞ்சி வாங்கினன். ரெண்டுதான் இரிக்கு, கவனம். ரெண்டும் ஒரே துண்டில அடுத்தடுத்துச் சீவினதாம்."

பெட்டிக்குள் இருந்தது வினியர். நல்ல மரத்தைக் காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி எடுத்து, சாதாரண பலகைக்கு மேல் ஒட்டுவது. மரத்தின் வேரடியில் வீங்கிக் கிடக்கும் கணுவிலிருந்து சீவிய தாள்கள் அவை. ஒவ்வொன்றும் இரண்டடி உயரம், இரண்டடிக்கு மேல் அகலம். கண் கண்ணாகச் சுழன்று ஓடிய அந்த ரேகைகளை மேர்வின் இருபது வருடத்தில் ஒரு கடையிலும் கண்டதில்லை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ரேகைக்கு ரேகை பொருந்தியது. புத்தகம் விரிப்பது போல் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்தப் பக்கத்துச் சுழி அந்தப் பக்கத்துச் சுழியைப் பார்த்தது. வீட்டு வேலைக்குப் போன இடத்தில், நிலம் துடைக்கும் நேரத்தில், இது புருசனுக்கு உதவும் என்று ஒருத்தி நின்று யோசித்திருக்கிறாள். மேர்வின் அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை. தாள்களை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

ஆனால் கடல் வழியாக இரண்டு மாதம் வந்ததில் தாள்கள் பொரித்த அப்பளம் போல் நெளிந்திருந்தன. நெளிந்ததை அப்படியே அழுத்தினால் உடைந்துவிடும். ஏறாவூரிலிருந்து அஹமட்டைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்றவர்கள். அஹமட் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு நாக்கைத் தட்டினான்.

"மச்சான், இது கிடைக்காத சாமான். கண்ட மாதிரிக் கை வச்சிராத."

அவன் சொன்னபடி தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து மெல்லத் தெளித்து, பழைய பேப்பர்களுக்கு இடையில் வைத்து, மேலே பலகை போட்டு, பலகைக்கு மேல் நெல் மூட்டை ஏற்றினான். காலையும் மாலையும் பேப்பரை மாற்றினான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் றொசானியும் வந்து பேப்பர் மாற்றுவாள். பத்தாம் நாள் தாள்கள் இழுத்துப் போட்ட மேசைத் துணி மாதிரிப் படிந்து கிடந்தன. இரண்டையும் இரண்டு நேர்ப் பலகைக்கு நடுவில் இறுக்கி, ஓரத்தைச் சீவுளியால் ஒரே இழுப்பில் நேராக்கி, விரித்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மேல் பக்கம் காகித நாடா ஒட்டினான். இரண்டு தாள் ஒரு தாளாயிற்று. பலகையின் பின்பக்கத்துக்குச் சும்மா ஒரு தேக்கு வினியர் எடுத்து வைத்தான். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக வளையும் என்பது இந்தத் தொழிலில் கை வைத்த எவருக்கும் தெரியும்.

ஆடி பிறந்திருந்தது. மாமாங்கத்துத் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுகிறார்கள். கச்சான் காற்று பகல் முழுக்கச் சுடச்சுட வீசி வாவித் தண்ணீரைச் சுருக்கிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் பதினைந்து நிமிடம் பொறுக்கும் பசை, கச்சான் அடிக்கும்போது எட்டே நிமிடத்தில் தோல் கட்டிவிடும். அதற்குள் தாளை இறக்கி, தடவி, மேல் பலகை வைத்து, அத்தனை கிளாம்பையும் இறுக்கிவிட வேண்டும்.

"தனியச் செய்யாத" என்றான் அஹமட், தன்னுடைய எட்டு கிளாம்பையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு. "வியாழக்கிழமை வாறன். ரெண்டு பேருமாச் செய்வம். நாலு கை வேணும் இதுக்கு."

வியாழக்கிழமை ஒட்டினால் வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்து, சுரண்டி, துடைத்து முடியாது. மேர்வினுக்கு வெள்ளிக்கிழமை ஜோசப்பினுக்குக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி அதிலேயே நின்றான்.

அவசரத்துக்குக் காரணம் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. அன்று ஜோசப்பினின் முகம் சரியில்லை. அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி, மடத்தின் தாய், கையைப் பிடித்து அழுகிறதாம், போகாதே என்று.

"மடம் புது ஒப்பந்தப் பேப்பர் கொண்டு வருவா போல இரிக்கு" என்றாள். "நான் வரட்டா?"

"கட்டில் இன்னும் முடியல்லயே புள்ள. இப்ப வந்தா பாயிலதான் படுக்கணும்."

சிரித்தாள். பிறகு, "பகிடி இல்லப்பா. வரட்டா?" என்றாள்.

"முடிஞ்சாலும் பொலிஷ் காயணும். அவசரப்பட்டு வந்து ஒட்டிக்கிருவாய்."

மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் கட்டையாக இருந்தது. "வா எண்டு ஒருக்காச் சொல்லுங்கவன். கேப்பம்."

"இஞ்ச றொசானி, உன்ட அம்மாக்கு நம்மட நுளம்புக் கடி மறந்து போச்சாம், ஞாபகப்படுத்து" என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டான்.

அந்த மனிதனை என்ன செய்வது? அவள் வருவது அவன் மனதில் எப்போதோ முடிந்துபோன காரியம். இரவு பகலாக அவளுக்குக் கட்டில் செய்துகொண்டிருக்கிறவன், அதற்கு மேல் வாயால் ஒரு சொல் எதற்கு என்று நினைத்தான். போன் வைத்த பிறகு அந்தக் கட்டைச் சிரிப்பு அவனைக் கொஞ்சம் உறுத்தியது உண்மைதான். அடுத்த வெள்ளிக்கிழமை பலகையைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை றொசானியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்தினான். காற்று வரக்கூடாதென்று ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினான். கிளாம்புகளைத் திறந்து வரிசையாக வைத்தான். போனை ஜன்னல் கட்டையில் வைத்தான். பத்து மணிக்குப் பசை வாளியைத் திறந்தான்.

முதலில் பின்பக்கத்துத் தேக்கை ஒட்டினான். பிறகு பலகையைப் புரட்டி, முகப்புப் பக்கத்தில் பசையை ஊற்றி, பல்லுத் தகட்டால் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தான். அப்போது ஜன்னல் கட்டையிலிருந்து றொசானி கூப்பிட்டாள்.

"அப்பா! அம்மாட கோல்! ஓடி வாங்க!"

றொசானி ஏழு வயதில் பேசிப் பதிந்து வைத்த சத்தம் அது. தாயின் அழைப்பு வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடும். ஒரு அழைப்பும் தவறக் கூடாதென்று அவள் செய்த ஏற்பாடு.

மேர்வினின் இரண்டு கையும் முழங்கை வரை பசை. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, இந்த நேரத்தில் அவள் எடுப்பதில்லையே என்ற எண்ணம் அவனுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் பசை பூசியாயிற்று, நிமிடம் இரண்டு போய்விட்டது. இப்போது விட்டால் பலகையும் போயிற்று, தாளும் போயிற்று. வேறு தாள் இந்த உலகத்தில் அவனுக்கு இல்லை. அவள் கெஞ்சி வாங்கியது, கம்பளிக்கு நடுவில் வைத்து அனுப்பியது.

"வாறன் புள்ள, வாறன்" என்று வாய்விட்டுச் சொன்னான். "ஒரு அஞ்சு நிமிசம்."

சத்தம் நின்றது. தாளை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினான். நாலு கை வேண்டிய வேலை. ஒரு ஓரத்தைப் பலகையின் விளிம்பில் பொருத்தி, மற்ற ஓரத்தைத் தாடையால் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினான்.

"அப்பா! அம்மாட கோல்! ஓடி வாங்க!"

ஒரு மயிரிழை விலகினாலும் நடுக்கோடு கோணும். அவன் கண்ணை எடுக்கவில்லை. தாள் படிந்தது. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினான். பொலித்தீன் விரித்தான், மேல் பலகையைத் தூக்கி வைத்தான். நடுக் கிளாம்பை முதலில் இறுக்கினான். காற்று நடுவில் அகப்பட்டால் கொப்புளம் வரும், ஆகவே எப்போதும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது கிளாம்பில் நிற்கும்போது மறுபடியும் கூப்பிட்டது.

"அப்பா! அம்மாட கோல்! ஓடி வாங்க!"

இந்தத் தடவை கடைசி வரைக்கும் கூப்பிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் குரல் பட்டறை முழுக்க ஓடி வாங்க ஓடி வாங்க என்று கத்திக்கொண்டிருக்க, அவன் நாலாவதை இறுக்கினான், ஐந்தாவதை இறுக்கினான். எட்டாவது கிளாம்பில் ஓரம் முழுக்கப் பசை முத்து முத்தாகக் கசிந்து வந்தது. அப்படி வந்தால் எல்லா இடமும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் போனை எடுத்தான். திரும்ப எடுத்தான். அடிக்கவே இல்லை. அவளுடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பின்னேரம் வரை எடுத்தான், அடுத்த நாளும் எடுத்தான். மடம் வாங்கிப் பூட்டியிருப்பாள், வெள்ளிக்கிழமை எப்படியும் வரும் என்று சொல்லிக்கொண்டான். கிழவி செத்திருக்கும், அதைச் சொல்ல எடுத்திருப்பாள் என்றும் நினைத்தான். என்னென்னவோ நினைத்தான், நடந்ததை மட்டும் நினைக்கவில்லை.

புதன்கிழமை கிளாம்பைக் கழற்றினான். வியாழக்கிழமை காகித நாடாவை நனைத்துச் சுரண்டி எடுத்து, பிளேட்டால் வழித்து, மெல்லிய சாண்ட் பேப்பர் போட்டு, ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தான். துடைத்ததும் ரேகைகள் எழும்பி வந்தன. இடமும் வலமும் ஒன்றையொன்று பார்த்துச் சுழன்ற அந்தக் கண்களுக்கு நடுவில் சேர்ப்பு இருந்த இடத்தை அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நகத்தால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக் கேட்டான். பிடிக்காத இடம் இருந்தால் உள்ளே பொள்ளென்று கேட்கும். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமான ஒரு வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த றொசானி அதைப் பார்த்து, "அப்பா, இதில நான் படுக்க ஏலுமா, அம்மாக்கும் உங்களுக்கும் நடுவுல?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது? "டிக்கட் எடுத்தா விடுவம்" என்றான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பலகையை அறைக்குள் ஒரு கதிரையில் சாய்த்து, மேலே வெள்ளைச் சீலை போட்டு மூடினான். றொசானி போனைப் பிடிக்க வேண்டும், அவன் சீலையை இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏழு மணிக்குச் சத்தம் வந்தது. ஜோசப்பினின் முகம் தெரிந்ததும், "ஒண்டும் பேசாத" என்றான் மேர்வின். "முதல்ல இதப் பாரு." சீலையின் நுனியைப் பிடித்தான்.

"நான் சைன் வச்சிட்டன்" என்றாள் ஜோசப்பின்.

சீலை அவன் கையில் இருந்தது.

"எதுக்கு?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு." அவள் கண்கள் வீங்கியிருந்தன. "செவ்வாய்க்கிழமை விடியவே மடம் ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போனா. இப்பவே சைன் வை, இல்லாட்டி இப்பவே ஊருக்கு டிக்கட் போடுறன், வேற புள்ளய எடுக்கோணும் எண்டா. நான் சொன்னன், அவரிட்டக் கேக்கோணும், போனத் தாங்க எண்டு. பத்து நிமிசம் தந்தா. மூண்டு தரம் எடுத்தன். நீங்க எடுக்கல்ல."

மேர்வின் சீலையின் நுனியை விட்டுவிட்டான். "நான்..." என்றான்.

"என்ட கோல நீங்க ஒரு நாளும் எடுக்காம விட்டதில்ல. ஒன்பது வருசத்தில ஒரு நாளும் இல்ல. எனக்கு என்னவோ செஞ்சிச்சு. போன கிழமையும் மூண்டு தரம் கேட்டன், வா எண்டு சொல்லல்ல நீங்க. நான் இல்லாமப் பழகிட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன். பழகினதுல பிழை இல்லதான். ஒன்பது வருசம்." மூக்கை உறிஞ்சினாள். "நான் வந்து இடைஞ்சலா நிக்கிறதுக்கு, இஞ்சயாவது ஒரு கிழவி கையப் பிடிச்சு அழுகுது எண்டு நினைச்சு வச்சிட்டன். பாஸ்போட்டும் அவங்கட கையில. இனி மாத்த ஏலாது."

"பசை பூசியிருந்தன்" என்றான் மேர்வின்.

"என்ன?"

"பலகைக்குப் பசை பூசியிருந்தன் புள்ள. கை முழுக்கப் பசை. கச்சான் அடிக்கிது, விட்டாக் காஞ்சிரும். நீ எடுத்தது கேட்டிச்சு எனக்கு. மூண்டு தரமும் கேட்டிச்சு."

அவள் மெதுவாக, "எந்தப் பலகைக்கு?" என்று கேட்டாள்.

"நீ அனுப்பின தாளுக்குத்தான்."

ஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று இரண்டு வினாடி தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒரு மனிசி அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு, கை எட்டாத இடத்தில் நிற்பதைப் போலக் கொடுமை இல்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது இதுதான்:

"கொப்புளம் ஏதும் வந்திச்சா?"

"இல்ல" என்றான். "ஒண்டு கூட இல்ல."

அதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது. அதை இவ்வளவு நேரம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த றொசானி, அதைக் கவனமாக மேசையில் வைத்தாள். "அப்பா, ரெண்டு வருசம் எண்டா எனக்குப் பதினாலு, என்ன?" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மேர்வின் நேரே பட்டறைக்குள் போனான். பலகையை மேசையில் கிடத்தி நகத்தால் தட்டத் தொடங்கினான். மேல் மூலையிலிருந்து வரி வரியாக, ஒரு அங்குலமும் விடாமல். கிளாம்பை எடுத்துப் போக வந்த அஹமட் வாசலில் நின்று பார்த்தான்.

"என்ன மச்சான் தேடுற?"

"எங்கயாவது ஒரு இடம் பிடிக்காம இரிக்கும்."

அஹமட் உள்ளே வந்து பலகையைக் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான், வெளிச்சத்துக்குச் சாய்த்தான். "வல்லாஹி, நீ தனிய நிண்டு செஞ்சதா? இதில ஒரு குறை சொல்ல ஏலா."

"இரிக்கும். வடிவாப் பாரு."

"இல்ல மச்சான்."

"இரிக்கோணும்டா" என்று மேர்வின் கத்தினான். கத்திவிட்டு மேசையில் நெற்றியை வைத்து அழுதான். ஊரைச் சிரிக்க வைத்தவன் அழுது அஹமட் பார்த்ததில்லை. ஏன் என்று தெரியாமலே அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். விசயம் தெரிந்த பிறகு, "வியாழக்கிழமை மட்டும் பொறுத்திருக்கலாமேடா" என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் விட்டான். கிளாம்புகளையும் எடுக்காமல் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு இரண்டு பேரும் வழக்கம்போல முகம் கழுவி உட்கார்ந்தார்கள். கட்டில் பொருத்திப் பூட்டப்படவில்லை. பலகை சீலை மூடி மூலையில் சாய்ந்திருந்தது. ஜோசப்பின் வந்தாள். சாப்பிட்டீங்களா, படிக்கிறாயா என்று கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். பிறகு, "அதக் காட்டுங்க" என்றாள்.

மேர்வின் எழும்பவில்லை. றொசானிதான் போய்ச் சீலையை எடுத்துவிட்டு, போனைப் பலகைக்கு நேரே பிடித்தாள். ஜோசப்பின் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "கொஞ்சம் கிட்டப் புடி" என்றாள். "இந்தப் பக்கம். அந்தப் பக்கம்." பிறகு, "சேர்த்த இடமே தெரியல்லயே" என்றாள். "நடு எது?"

றொசானி விரல் வைத்துக் காட்டினாள்.

"அப்பாட்டக் குடு."

மேர்வின் போனை வாங்கினான். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். காது ஓரத்தில் நரை வந்திருந்தது, அதை அவன் இதுவரை கவனிக்கவில்லை.

"வா" என்றான்.

"என்ன சொன்னீங்க?"

"வா எண்டன். வீட்ட வா, ஜோசப்பின்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்பச் சொல்றீங்க" என்றாள். கோபமில்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். "சரி. இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னான்.

"இன்னொருக்கா."

சொன்னான். அங்கே கேட் திறக்கும் சத்தம் கேட்டது, வாகனச் சத்தம் கேட்டது, மடம் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜோசப்பின் போனை நெஞ்சோடு சேர்த்திருக்க வேண்டும், திரை இருட்டாகிவிட்டது. அவள் கேட்கிறாளா இல்லையா என்று தெரியாமல் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். றொசானி பக்கத்தில் வந்து அவன் கையிலிருந்து போனை மெல்ல வாங்கினாள். அழைப்பு எப்போதோ நின்றிருந்தது.